இசட்/28 என்று விற்றார்கள், குளோன் என்கிறார் மெக்கானிக்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் ஒஹையோவில் உள்ள பழைய கார் டீலர் ஒருவரிடமிருந்து, இணைய விளம்பரத்தைப் பார்த்து, 1969 ஷெவர்லே கமாரோ காரின் அரிய பந்தய வகையான இசட்/28 ஒன்றை 82,000 டாலருக்கு வாங்கினேன். "அசல் இசட்/28, நம்பர்ஸ் மேட்சிங்" (எஞ்சின் எண்ணும் வண்டி எண்ணும் ஆலையில் அடித்தபடியே ஒத்துப்போகும்) என்று விளம்பரத்தில் இருந்தது. போன வாரம் ஆயில் கசிவுக்காக வண்டியை விட்டபோது, எஞ்சின் எண்ணை யாரோ தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னார். டீலரைக் கேட்டால், "முந்தைய உரிமையாளர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். 'ஆஸ் இஸ்' (இருக்கிறபடியே விற்பனை) என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார். போலீசுக்குப் போகலாமா? இல்லை, தொல்லை விட்டது என்று வேறு யாருக்காவது விற்றுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விற்காதீர்கள். மெக்கானிக் சொன்ன நிமிடத்திலிருந்து உங்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே இசட்/28 என்று விற்றால், இன்று டீலர் மீது நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டை நாளை இன்னொருவர் உங்கள் மீது சொல்வார். அதுவும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல டீலருக்கு இருக்கும் வாய்ப்புகூட உங்களுக்கு இருக்காது. உண்மையைச் சொல்லி விற்கலாம்; ஆனால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் வழி அதோடு அடைபடும்.

'ஆஸ் இஸ்' என்ற சொல்லுக்கு டீலர் நினைக்கும் அளவு பலம் கிடையாது. பொருள் விற்பனைக்கான சட்டம் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடின் 2ஆம் பகுதி. லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டது. டெக்சஸ், ஒஹையோ இரண்டுக்கும் பொருந்தும். அதன் 2-316 பிரிவின்படி 'ஆஸ் இஸ்' என்று எழுதினால் போவது மறைமுக உத்தரவாதங்கள் மட்டுமே, அதாவது வண்டி ஓடும், சாதாரணப் பயன்பாட்டுக்குத் தகும் என்று சட்டம் தானாகச் சேர்ப்பவை. விற்பவர் வாயாலோ எழுத்தாலோ சொன்ன உண்மைக் கூற்றும், பொருளின் விவரிப்பும் 2-313 பிரிவின்படி வெளிப்படை உத்தரவாதம். "அருமையான வண்டி" என்பது அபிப்பிராயம். அதை வைத்து வழக்கு நிற்காது. "அசல் இசட்/28" என்பது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அது பொய்யென்றால், டீலருக்கு அது முன்பே தெரியுமா தெரியாதா என்பது இந்த உத்தரவாதக் கோரிக்கைக்குத் தேவையே இல்லை. முந்தைய உரிமையாளர் மீது பழி போடுவது, அவரிடமிருந்து டீலர் பின்னால் வசூலித்துக்கொள்ள உதவலாம். உங்களுக்கு அது பதிலாகாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. விற்பனைச் சீட்டில் வண்டியை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "1969 ஷெவர்லே கமாரோ இசட்/28" என்றிருந்தால் விவரிப்பு ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வெறும் "1969 கமாரோ" என்று எழுதி, கீழே "இந்தத் தாளில் இருப்பதே முழு ஒப்பந்தம்" என்ற வரியும் இருந்தால், விளம்பர வாசகத்தை உள்ளே கொண்டுவர 2-202 பிரிவு தடை போடும். அப்போது உத்தரவாதத்தை விட்டு, மோசடி, நுகர்வோர் சட்டம் என்ற வழிகளில் போக வேண்டும். 'ஆஸ் இஸ்' வாசகமும் அந்த வழியில்தான் கொஞ்சம் கடிக்கும்: வண்டி உங்களுக்கு உண்டாக்கிய நஷ்டத்துக்கு டீலரின் பேச்சு காரணமில்லை என்று வாதிட 1995இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இடம் கொடுக்கிறது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தீர்ப்பே விலக்கும் தருகிறது.

இனி வண்டி. மெக்கானிக் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து நோட்டீஸ் அனுப்ப முடியாது, ஏனென்றால் "எண் மறுபடி அடித்தது" என்பதற்குள் மூன்று வெவ்வேறு வழக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வண்டி அசல் இசட்/28தான், பிறந்த எஞ்சின் மட்டும் போய்விட்டது. இரண்டு, சாதாரண வி8 (எட்டு சிலிண்டர்) கமாரோவை இசட்/28 ஆக மாற்றிய குளோன். மூன்று, வேறொரு வண்டியின் வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) தகட்டை இந்த பாடியில் ஒட்டியது. முதலிரண்டும் பணத் தகராறு. குளோன் செய்வது குற்றமே இல்லை. குளோன் என்று சொல்லாமல் விற்பதுதான் தவறு. மூன்றாவது கிரிமினல்.

1969இல் கட்டிய சுமார் 2,43,000 கமாரோக்களில் இசட்/28 வெறும் 20,302. மற்றவற்றில் வி8 கூப்பே (நிலையான கூரையுள்ள இரு கதவு வண்டி) ஏராளம். அவற்றின் வின் எண்ணும் இசட்/28இன் வின் எண்ணும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 12437. அதாவது வின் எண்ணால் இசட்/28 என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்று மட்டும் சில சமயம் நிரூபிக்கலாம். 12337 என்றால் ஆறு சிலிண்டர். 12467 என்றால் கன்வர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கும் வகை. 1969இல் இசட்/28 கூப்பேயில் மட்டுமே வந்தது. இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

ஐந்து இலக்கங்களுக்குப் பின் 9 என்பது ஆண்டு, அடுத்த எழுத்து ஆலை. 'என்' என்றால் ஒஹையோவின் நார்வுட், 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். நார்வுட் வண்டி, அதுவும் 1968 டிசம்பருக்குப் பின் கட்டியது என்றால் அதிர்ஷ்டம்: ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) இருக்கும் டிரிம் டேகில், அதாவது ஆலைக் குறியீடுகள் பொறித்த தகட்டில், எக்ஸ் குறியீடு இருக்கும். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28. எக்ஸ்44 சாதாரண வண்டி. அந்தத் தகட்டோடு இசட்/28 பட்டை பூசி நின்றால் அது குளோன், வேறு பேச்சில்லை. வான் நைஸ் வண்டிகளில் இந்தக் குறியீடே கிடையாது. தகடுகள் புதிதாக அச்சிட்டுக் கிடைக்கின்றன என்பதால் எக்ஸ்33 பார்த்தவுடன் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். தகட்டின் ரிவெட், சுற்றியுள்ள பெயின்ட் எல்லாம் பார்க்க வேண்டும்.

எஞ்சின்தான் முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எண் இருக்கும் இடம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் (எஞ்சினின் முக்கிய உலோக உடல்) உள்ள தட்டையான சிறு பரப்பு. அசலில் "வி1220டிஇசட்" போல ஒரு வரி இருக்கும்: 'வி' ஃபிளின்ட் ஆலை, 1220 என்பது எஞ்சின் கூட்டிய நாள், அதாவது டிசம்பர் 20, 'டிஇசட்' 1969இன் 302 கன அங்குல எஞ்சினுக்குரிய குறி. அதோடு "19என்5" என்று தொடங்கும் சுருக்க வின் எண், அதே பரப்பிலோ ஆயில் ஃபில்டர் பக்கத்திலோ. முதல் வரியை எஞ்சின் ஆலையிலும் இரண்டாவதைக் கார் ஆலையிலும் அடித்தார்கள். ஆகவே இரண்டும் ஒரே எழுத்துரு, ஒரே ஆழம், ஒரே நேர்த்தியில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பரப்பைத் துணியால் மட்டும் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆலையில் இழைத்த பரப்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் தெரியும். அவை இல்லாமல் பளபளவென்றோ, சுழல் கீறல்களோடோ இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். இதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு: எஞ்சினைப் பிரித்து ரீபில்ட் செய்யும்போது பிளாக்கின் மேல்பரப்பைச் சீவினால் பழைய எண் போய்விடும். டீலர் அதைத்தான் சொல்லுவார். அவர் வாயை அடைக்க வார்ப்புத் தேதி இருக்கிறது.

அது பிளாக்கின் பின்பக்க விளிம்பில், உலோகத்தோடு சேர்ந்து வார்த்தது. பிறகு அடித்த எண்ணைப் போல எளிதில் மாற்ற முடியாது. "எல் 5 8" என்றால் 1968 டிசம்பர் 5. வார்ப்பு முதலில், எஞ்சின் கூட்டியது அடுத்தது, டிரிம் டேகில் உள்ள, வண்டி கட்டிய வாரம் கடைசியில். வார்ப்பு டிசம்பர் 5, எஞ்சின் டிசம்பர் 20, வண்டி 01பி, அதாவது ஜனவரி இரண்டாம் வாரம் என்றால் வரிசை சரி. முன்பக்கம் 1220 என்று அடித்திருக்க, பின்பக்கம் ஜனவரி வார்ப்புத் தேதி இருந்தால், வார்ப்பதற்கு முன்பே கூட்டிய எஞ்சின் என்றாகிறது. நீதிபதிக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் இது புரியும். வார்ப்பு எண் 3932386, 3956618, 3970010 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி எண் 350 எஞ்சினிலும் வந்தது, குளோன் செய்பவர்களுக்கு வசதியானதும் அதுவே. 302, 350 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம்தான், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.00, 3.48 என்று மாறும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, உள்ளே பார்க்க ஆயில் பேனையோ ஹெட்டையோ கழற்ற வேண்டும். அதை டீலருக்கு எழுத்தில் அறிவித்து, அவர் ஆளும் இருக்கும்போது செய்யுங்கள்.

நான்கு கியர் மன்சி டிரான்ஸ்மிஷன், 12 போல்ட் ஆக்சில், முன்சக்கர டிஸ்க் பிரேக், பல தகடுள்ள பின் லீஃப் ஸ்பிரிங்: இவை இல்லாமல் இசட்/28 ஆலையை விட்டு வெளியே வரவில்லை. எல்லாமே கடையில் கிடைப்பவை என்பதால் இருந்தால் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகாது. டிரான்ஸ்மிஷனில் அடித்த சுருக்க வின் எண் உங்கள் தகட்டோடு ஒத்துப்போனால் மட்டும் அதற்குத் தனி மதிப்பு.

காகிதம் எதாவது கொடுத்தார்களா? வாரன்ட்டிப் புத்தகத்தில் ஒட்டிய ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற உலோகத் தகடு, பெட்ரோல் டேங்க் மேலும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளும் கிடைக்கும் பில்ட் ஷீட் (வண்டி கட்டும்போது ஆலையில் பயன்படுத்திய குறிப்புத் தாள்), முதல் டீலரின் இன்வாய்ஸ். பான்டியாக் ஜிடிஓ வாங்கியிருந்தால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் அசல் பில் நகலே தந்துவிடும்; ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அப்படி ஒன்று இல்லை. என்சிஆர்எஸ் என்ற கார்வெட் ஆர்வலர் சங்கம் தரும் ஷிப்பிங் அறிக்கையில் எந்த டீலருக்கு எந்த நாள் அனுப்பினார்கள் என்பது மட்டுமே இருக்கும், இசட்/28 என்று இருக்காது. முதலில் கனடாவில் விற்ற வண்டி என்றால் ஜிஎம் கனடாவிடம் கேட்கலாம்.

போலீஸ் பற்றி. வின்ட்ஷீல்டு வழியாகத் தெரியும் வின் தகட்டின் இரண்டு ரிவெட்டுகளும் பூ இதழ் போன்ற தலையோடு இருக்கிறதா பாருங்கள். பிறகு, 1969 கமாரோவில் பாடியிலேயே மறைவாக இரண்டு இடங்களில் சுருக்க வின் அடித்திருக்கும்: ஹீட்டர் பிளோயர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில், மற்றும் வின்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள கவுல் கிரில்லுக்கு அடியில். ஒத்துப்போனால் போலீசில் புகாரால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை, சிவில் வழியே போதும். ஒத்துப்போகவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், வக்கீலோடு போய்ப் புகார் கொடுங்கள். வின் எண்ணை மாற்றுவது ஃபெடரல் குற்றவியல் சட்டமான 18 யூஎஸ்சி 511இன்படி 5 ஆண்டு வரை சிறை. 512இன்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். வண்டி கையை விட்டுப் போனால், டைட்டில் (உரிமை) சுத்தமில்லை என்று 2-312 பிரிவில் டீலரிடம் முழுப் பணமும் கேட்கலாம்.

பணக் கணக்கு: கொடுத்த 82,000 அப்படியே திரும்பாது. 2-714இன்படி, வாங்கிய அன்று அசல் இசட்/28க்கு இருந்திருக்கும் மதிப்புக்கும், நீங்கள் பெற்ற வண்டியின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். அசல் 85,000, இது 48,000 என்று மதிப்பீட்டாளர் சொன்னால் 37,000. முழுப் பணம் வேண்டுமென்றால் 2-608இன்படி வண்டியை ஏற்றுக்கொண்டதை ரத்து செய்ய வேண்டும்; அதற்கு வண்டியின் நிலை பெரிதாக மாறியிருக்கக் கூடாது, தெரிந்த பின் ஓட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. இன்றே கராஜில் நிறுத்துங்கள், ஆயில் கசிவைக்கூட இப்போது சரிசெய்ய வேண்டாம்.

அடுத்து, எழுத்தில் அறிவிப்பு. 2-607இன்படி, தெரிந்த பின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எல்லாப் பரிகாரமும் போய்விடும். போனில் பேசியதை நம்பாதீர்கள். உத்தரவாத வழக்குக்கு வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து 4 ஆண்டு. டெக்சஸ் ஏமாற்று வணிகச் சட்டத்தில் 2 ஆண்டுதான், வழக்குக்கு 60 நாள் முன்பே நோட்டீஸும் தர வேண்டும். அந்த 60 நாளில் வண்டியைப் பார்க்க டீலர் எழுத்தில் கேட்டால் அனுமதிக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்: 14 மாதம் போனதும், 60 நாள் கழித்ததும் போக, கையில் இருப்பது எட்டு மாதம். டீலர் தெரிந்தே செய்தார் என்று நிரூபித்தால் நஷ்டத்தின் மூன்று மடங்கு வரை கேட்கலாம், வக்கீல் செலவும் சேரும். ஒஹையோ நுகர்வோர் சட்டத்திலும் காலம் 2 ஆண்டே.

எங்கே வழக்கு போடுவது என்பது இனிமேல் வரப்போகும் தலைவலி. 2008இல் ஒன்பதாம் சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே போன்ற தகராறில் சொன்னது: ஈபேயில் வாங்கிய 1964 ஃபோர்ட் கேலக்சி, "ஆர் கோட்" (ஒரு குறிப்பிட்ட பெரிய எஞ்சின் கொண்டது) என்று விற்றது, அப்படி இல்லை, ஆனால் விஸ்கான்சினில் இருந்து ஒரே ஒரு வண்டி விற்றவரை வாங்கியவரின் கலிஃபோர்னியாவுக்கு இழுக்க முடியாது. உங்கள் டீலர் டெக்சஸுக்குத் தொடர்ந்து விற்பவர், இங்கே விளம்பரம் செய்பவர் என்றால் நிலை வேறு. அதற்கான சான்றுகளையும் சேருங்கள். சீட்டில் "ஒஹையோ நீதிமன்றம்" என்ற வரி இருந்தால் அங்கேதான் வக்கீல் தேட வேண்டியிருக்கும். 37,000 மட்டுமே கேட்டால், சிறு வழக்குகளுக்கான, 20,000 டாலர் வரம்புள்ள டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கு அதிகம், 75,000ஐத் தாண்டாததால் ஃபெடரல் கோர்ட்டுக்குக் குறைவு.

விளம்பரப் பக்கம் இன்னும் இருந்தால் முகவரியும் தேதியும் தெரிய இன்றே சேமியுங்கள். மின்னஞ்சல், டெக்ஸ்ட், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். கன்சைன்மென்ட்டில், அதாவது பழைய உரிமையாளரின் சார்பில், விற்றாரா என்று டீலரை எழுத்தில் கேளுங்கள். ஆம் என்றால் பழைய உரிமையாளரும் பிரதிவாதி. இன்னொன்று, இன்சூரன்ஸ்: அசல் இசட்/28 என்று சொல்லி 82,000க்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுத்திருந்தால், சோதனை முடிவு வந்ததும் கம்பெனிக்கு எழுதிவிடுங்கள். நாளை கராஜில் தீப்பிடித்தால், தெரிந்தும் மறைத்தீர்கள் என்று அவர்கள் பணம் தர மறுப்பார்கள்.