கொய்யாக் கட்டை வெடித்தது ஏன்?

கேள்வி: மாதவரத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறேன். காற்றில் சாய்ந்த கொய்யாவை அறுத்து, பம்பரமும் கரண்டியும் செய்வதற்காக மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். நான்கே நாளில் முனையெல்லாம் வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டார் கொடுத்த இன்னொரு கட்டையில் பால் வடிகிறது, என்ன மரம்? கொஞ்சம் மாங்கட்டையும் இருக்கிறது.

பதில்: வெயிலில் போட்டதுதான் தவறு. கட்டையின் ஈரம் பட்டை வழியாக மெதுவாகவும் அறுத்த முனை வழியாகப் பல மடங்கு வேகமாகவும் வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும். உள்பக்கம் ஈரத்தோடு அப்படியே நிற்கும். போதாததற்கு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் போக்கில், அதாவது சுற்றுவாக்கில், மரம் சுருங்கும். முழு உருளை பிளக்காமல் என்ன செய்யும்?

வருந்தாதீர்கள், வெடிப்புகளுக்கு நடுவே உள்ள துண்டுகளே பம்பரத்துக்குப் போதும். கொய்யா நெருக்கமான ரேகையுள்ள கெட்டி மரம். ஆணி இறக்குவதற்கு முன் சிறு துளை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மீதிக் கட்டைகளை இன்றே நடுவழியாக இரண்டாகப் பிளந்து, இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடிமனாகப் பூசி, நிழலில் காற்றோட்டமாக, இடையிடையே குச்சி கொடுத்து அடுக்குங்கள்.

அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. கரண்டிக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பச்சையாக இருக்கும்போதே சற்றுக் கனமாகச் செதுக்கி, சீவலோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் குறியுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது என்று பொருள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை நின்றால் நம்பாதீர்கள். கடற்காற்றும் சேர்ந்த ஈரத்தில் மரம் காய வழியில்லை. பங்குனியில் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

பால் வடிவதை வைத்து மட்டும் மரத்தைச் சொல்ல முடியாது. பலா, சப்போட்டா, அத்தி மூன்றிலும் வடியும். புதிதாக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் வைரம் (கெட்டியான நடுமரம்) இருந்து, நாளாக ஆகப் பழுப்பேறினால் பலா. செந்நிறமாக, கையில் கனத்தால் சப்போட்டாவாக இருக்கலாம். வெளுத்து மென்மையாக இருந்தால் அத்தி. அது கரண்டிக்கு உதவாது. முடிந்தால் பக்கத்து வீட்டாரிடம் ஓர் இலை கேட்டு வாங்குங்கள், சந்தேகமே இருக்காது.

மாங்கட்டைக்குத்தான் அவசரம். பச்சையாக வைத்திருந்தால் நீலக்கறை படரும், வண்டு துளைக்கும். கையுறை போட்டுக்கொண்டு (பால் பட்டால் சிலருக்கு அரிக்கும்) உடனே பட்டை உரித்து, மெல்லிய பலகைகளாக அறுத்துவிடுங்கள். அடியில் மாவுபோல் தூள் கொட்டும் துண்டைக் கொய்யாவோடு சேர்த்து அடுக்காதீர்கள்.