டிவைடிங் சிஸ்டமும் ஐந்து காசு ஆம்லெட்டும்: பொருளியல் அக்காவிடம் கேளுங்கள்

பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வகுப்பில் படிக்கும் பொருளியலைக் கல்லூரி வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துவது என்று தம்பி, தங்கைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, எங்கள் விடுதி மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை 300 பேருக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். பில் ஏறிக்கொண்டே போகிறது. பசங்களுக்குப் பொறுப்பே இல்லையா?

பொறுப்பை விடு தம்பி, கணக்கைப் பார். ஒரு ஆம்லெட்டுக்கு 15 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள். இன்னொன்று கேட்டு வாங்குபவனுக்கு அதில் விழும் பங்கு 5 காசு. மீதி 14 ரூபாய் 95 காசு மற்ற 299 பேர் தலையில். அவன் வேண்டாம் என்று எழுந்து போனாலும் அவனுக்கு மிச்சம் அதே 5 காசுதான். ஆளைத் திட்டி என்ன பயன்? ஏற்பாடே அப்படி.

இஸ்ரேலில் யூரி க்னீசி என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் இதை ஓட்டலிலேயே சோதித்தார்கள். முடிவுகள் 2004இல் வெளிவந்தன. ஆறாறு பேராக உட்கார வைத்தார்கள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு என்றபோது தலைக்குச் சுமார் 37 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) ஆனது. பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்றதும் சுமார் 51 ஆகிவிட்டது. ஆறு பேருக்கே இந்தக் கதி.

அதனால் சோறு, சாம்பார், இட்லி எல்லாம் பொதுக்கணக்கில் இருக்கட்டும். முட்டை, சிக்கனுக்கு டோக்கன் போடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் முந்தின நாள் மாலைக்குள் சொன்னால்தான் மெஸ் கட், அதாவது சாப்பிடாத நாள்களுக்குக் கட்டணக் கழிவு, என்று வையுங்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துக் கொட்டுவது நிற்கும். ஸ்டோர் கணக்கை வாராவாரம் பலகையில் ஒட்டுங்கள். பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்தால் அதைக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண், 2009இல். மெஸ் கமிட்டியை யாரும் சின்ன வேலையாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: சோற்றை வீணாக்கினால் 20 ரூபாய் அபராதம் போடலாமா அக்கா?

யோசித்துப் போடு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது! ஆசிரியைக்குச் சங்கடம் தருகிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுக்கிறோமே என்ற நினைப்பு வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. உங்கள் மெஸ்ஸிலும் 20 ரூபாய் கட்டிவிட்டு நிம்மதியாகக் கொட்டுவார்கள். முதலில் பாதிக் கரண்டி கேட்டு வாங்கவும், மறுசோறு தயங்காமல் கேட்கவும் வழி செய்.

கேள்வி: வங்கித் தேர்வு கோச்சிங்குக்கு 12,000 ரூபாய் கட்டிவிட்டேன். இப்போது எம்.ஏ. படிக்கத்தான் ஆசை. பணம் வீணாகிவிடுமே?

போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது, தங்கச்சி. அதைக் கணக்கில் சேர்க்காதே. இனி செலவாகப்போகும் மாதங்களை எதற்குக் கொடுக்கலாம் என்று மட்டும் பார். வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சீக்கிரம் சொல்லிவிடு.

கேள்வி: முகூர்த்த நாள்களில் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறேன். ஒரு ராத்திரிக்கு 600 ரூபாய். படிப்பு கெடும் என்கிறார்கள். விட்டுவிடவா?

ஒட்டுமொத்தமாகப் போவதா, விடுவதா என்று கேட்காதே. இந்த ஒரு ராத்திரி போனால் எதை இழக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேள். நள்ளிரவு தாண்டி வந்து படுத்தால், மறுநாள் பகலும் சேர்ந்துதான் போகிறது. செமஸ்டர் தொடக்கத்தில் அந்தப் பகலின் விலை குறைவு; தை முகூர்த்தங்களுக்குத் தாராளமாகப் போ. இன்டர்னலுக்கு முந்தின வாரம் அதே பகல் ஒரு அரியரைத் தவிர்க்கும் பகல், 600 ரூபாய்க்கு அதைக் கொடுக்காதே. ஆனால் அந்தப் பணத்தில்தான் பீஸ் கட்டுகிறாய் என்றால் கணக்கே வேறு. அப்போது வேலையை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. முதலில் துறைத் தலைவரைப் பார்த்து, உனக்கு என்ன உதவித்தொகை கிடைக்கும் என்று விசாரி.