கேசிஎஸ்இ எதற்குச் சமம் என்று கேட்ட சகோதரிக்கு

நைரோபியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை, ஜூலையில் கிளம்புகிறார். மகன் பள்ளியின் கடைசி வகுப்பான ஃபார்ம் 4, நவம்பரில் கேசிஎஸ்இ என்ற கென்யப் பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும், பிப்ரவரியில் 18 வயது முடிகிறது. மகள் புதிய பாடத்திட்டத்தில் 6ஆம் வகுப்பு. கேசிஎஸ்இ ஜெர்மன் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமா, மகளை எந்த வகுப்பில் போடுவார்கள், வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, புளி கிடைக்குமா என்று ஐந்து கேள்விகள். பின் மூன்றுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வாடகை அதிகம், குளிர் பழகிவிடும், புளி கிடைக்கும். முதல் இரண்டும்தான் என்னை இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுத வைத்திருக்கின்றன. ஏனென்றால் அந்த முதல் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நானும் 1998இல் இங்கே வந்து இறங்கினேன்.

அப்பா கென்யாவின் தீக்காவில் ஒரு துணி ஆலையில் கணக்காளர். நான் படித்தது அங்கேயே விடுதிப் பள்ளியில். 1996இல் கேசிஎஸ்இ, ஏ மைனஸ். அந்தக் காலத்தில் ஏ மைனஸ் என்றால் ஊரில் மரியாதை. அப்புறம் நைரோபி கோத்தே நிலையத்தில் ஜெர்மன் படித்துவிட்டு, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டைக்குள் வைத்து விமானம் ஏறினேன். ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்த அம்மையார் அதை வாங்கிப் பார்த்தார். பின்னால் இருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்தார். விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். கென்யா என்ற இடத்தில் விரல் நின்றது. 'நேரடியாகச் சேர முடியாது' என்றார். ஏ மைனஸைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு மெல்லத்தான் புரிந்தது. அவர்கள் பார்ப்பது உங்கள் பிள்ளையின் மூளையை அல்ல, நாட்டின் படிக்கட்டை. கென்யாவில் முன்பு தொடக்கப் பள்ளி 7 வருடம், உயர்நிலை 4, மேல்நிலை 2, பல்கலைக்கழகம் 3 என்று 7-4-2-3 இருந்தது. அந்த நடு 2 தான் ஏ லெவல். 1985இல் 8-4-4 வந்தது, அந்த இரண்டு வருடம் காணாமல் போனது. கடைசி ஏ லெவல் தேர்வு 1989இல். எனக்கு முன்னால் ஏ லெவல் முடித்தவர்கள் அதைக் காட்டி பிரிட்டனில் நேரே பட்டப்படிப்புக்குப் போனார்கள். எங்கள் செட் 'முதலில் ஃபவுண்டேஷன் படி' என்று சொல்லிக் கேட்டது. ஜெர்மனியிலும் அதே கதைதான், பெயர் மட்டும் வேறு. இங்கே பள்ளி இறுதித் தேர்வான அபிடூர் எழுதும் பிள்ளை கடைசி இரண்டு வருடம் சில பாடங்களை ஆழமாகத் தோண்டுகிறது. நம் பிள்ளை ஏழெட்டுப் பாடங்களை ஒரே மட்டத்தில் உழுகிறது. இரண்டு பேரும் பள்ளியில் கழித்த வருடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்தக் கோப்பு வருடத்தை மட்டும் எண்ணுவதில்லை.

இதில் ஒரு அநியாயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2015இல் கென்யா முழுக்க 2,685 பேர் நேர் ஏ வாங்கினார்கள். மதியாங்கி கல்வி அமைச்சராக வந்து காப்பியடிப்பதை இறுக்கிப் பிடித்தார். 2016இல் அந்த எண்ணிக்கை 141. ஒரே வருடத்தில்! அந்த ஏ-யும் இந்த ஏ-யும் ஒன்றா? இங்கே உள்ள பட்டியலுக்கு அதெல்லாம் தெரியாது. அதைவிட, நம் ஆட்களே 'ஆப்பிரிக்கச் சர்டிபிகேட்டா?' என்று உதட்டைப் பிதுக்குவார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது. இங்கே ஒரு பொங்கல் விழாவில் ஒருவர் என்னிடம் 'அங்கே மரத்தடியில்தானே பள்ளிக்கூடம்' என்றார். அவர் மகனுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஃபார்ம் 4 நோட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சரி, உங்கள் மகன் விஷயம். முதல் எச்சரிக்கை: ஜூலையில் அப்பாவோடு சேர்ந்து போகலாம் என்று ஃபார்ம் 4 நடுவில் அவனைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். கேசிஎஸ்இ நேரடியாக வாசலைத் திறக்காது, உண்மைதான். ஆனால் அது இல்லாமல் வந்தால் வாசலில் நிற்பதற்கே இடம் இல்லை. 17 வயதில் ஜெர்மன் தெரியாமல், கையில் பள்ளி இறுதிச் சான்றிதழும் இல்லாமல் இங்கே வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவன் எழுதி முடிக்கட்டும். ரிசல்ட் ஜனவரியில் வந்துவிடும். அந்த ரிசல்ட் ஸ்லிப்பை மட்டும் நம்பிக் கிளம்பாமல் அசல் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். பள்ளியில் கட்டணப் பாக்கி இருந்தால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. முன்கூட்டியே கணக்கை முடியுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை, அந்த 18 வயது. பிள்ளையாக உங்களோடு சேர்ந்து வாழ வரும் விசாவுக்கான விண்ணப்பம் அவன் பிறந்தநாளுக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். 16 தாண்டிய பிள்ளை பெற்றோருக்குப் பின்னால் தனியாக வந்தால் ஜெர்மன் மொழி நிபந்தனை வேறு வரலாம். அது உங்கள் கணவருக்குக் கிடைத்திருக்கும் அனுமதி எந்த வகை என்பதைப் பொறுத்தது. தூதரகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'என் மச்சானுக்கு அப்படி நடந்தது' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

வந்த பிறகு அவனுக்கு இரண்டு மூன்று வழி உண்டு. ஷ்டூடியன்கொலெக் என்று ஒரு வருட ஆயத்தப் படிப்பு. பொறியியலுக்கு டி கோர்ஸ், மருத்துவத்துக்கு எம் கோர்ஸ், வணிகத்துக்கு டபிள்யூ கோர்ஸ் என்று பிரித்து வைத்திருப்பார்கள். உள்ளே போகவே ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். கடைசியில் வரும் தேர்வில் தேறினால் பல்கலைக்கழகம். அல்லது கென்யாவிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கொஞ்ச காலம் படித்துவிட்டு வந்தால் நிலைமை மாறும். அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் கென்யா பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள், காசு கேட்காது. என் காலத்தில் அந்த அம்மையார் விரலை ஓட்டிய கோப்பு இப்போது எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. மூன்றாவது வழி ஆவுஸ்பில்டுங். சம்பளத்தோடு தொழில் கற்பது. நம்மவர்கள் அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் வீட்டில் ஹீட்டர் கெட்டால் வந்து பார்ப்பவர் அந்த வழியில் வந்தவர். அவர் வாங்கும் காசைப் பார்த்தால் நான் ஏன் டி கோர்ஸ் படித்தேன் என்று தோன்றும்.

நைரோபியில் ஏஜெண்ட் யாராவது 'நாங்கள் ஈக்விவலென்ஸ் வாங்கித் தருகிறோம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு ஷ்டூடியன்கொலெக்கில் பொதுவாகப் படிப்புக் கட்டணம் கிடையாது. தனியார் நடத்துவதும் உண்டு, ஆயிரக்கணக்கில் யூரோ வாங்குவார்கள். அங்கே எழுதும் தேர்வு ஜெர்மனி முழுக்கச் செல்லுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

மதிப்பெண் விஷயத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கே 1 என்றால் உச்சம், 4 என்றால் தட்டித் தடுமாறித் தேர்ச்சி. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உங்கள் முறையில் அதிகபட்சம், தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம், நீங்கள் வாங்கியது, மூன்றையும் அதில் போட வேண்டும். அதிகபட்சம் 100, தேர்ச்சி 40, வாங்கியது 70 என்றால் இங்கே 2.5. அதே 70க்குத் தேர்ச்சி 50 என்று எடுத்துக்கொண்டால் 2.8. ஆயத்தப் படிப்பு முடிவில் எனக்கு 1.9 வந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக 'நூத்துக்காப்பா?' என்றார்.

ஆனால் சகோதரி, உண்மையில் எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றி இல்லை. அவன் வளர்ந்த பையன், முட்டி மோதி வந்துவிடுவான். கவலை மகளைப் பற்றித்தான். 'சின்னவள்தானே, பள்ளியில் போட்டால் மொழி தானாக வந்துவிடும்' என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மொழி வந்துவிடும். அதற்குள் அவள் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் விஷயம்.

இங்கே பெரும்பாலான மாநிலங்களில் 4ஆம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள், பத்து வயதில். பெர்லினிலும் பிராண்டன்புர்கிலும் மட்டும் 6ஆம் வகுப்பு வரை பொறுப்பார்கள். பல்கலைக்கழகம் நோக்கிப் போகிறவர்கள் கிம்னாசியம், நடுவில் ரியால்ஷூலே, அடுத்து ஹவுப்ட்ஷூலே. பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், எல்லாம் கலந்து படிக்கும் பள்ளிகளும் உண்டு. உங்கள் மகள் வரும்போது அந்தப் பிரிப்பு முடிந்திருக்கும். அவள் கொண்டுவரும் அறிக்கையில் மதிப்பெண்ணே இருக்காது, 'எதிர்பார்ப்பைத் தாண்டியிருக்கிறாள்', 'எதிர்பார்ப்பை எட்டியிருக்கிறாள்' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே தலைமையாசிரியர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள். பிறகு ஜெர்மன் கற்கும் ஆயத்த வகுப்பில் போடுவார்கள். அந்த வகுப்பு எந்தப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை எங்கே மொழி கற்கிறதோ, சிநேகிதர்களும் அங்கேதான், பிறகு அங்கேயே இருக்கட்டும் என்பார்கள்.

என் தங்கை மகனுக்கு நடந்தது அதுதான். மொம்பாசாவிலிருந்து 12 வயதில் வந்தான். ஆயத்த வகுப்பு ஒரு ஹவுப்ட்ஷூலேயில். கணக்கில் புலி. ஒன்றரை வருடம் கழித்து ஆசிரியர் 'இங்கேயே இருக்கட்டும், சந்தோஷமாக இருக்கிறான்' என்றார். தங்கையும் மாப்பிள்ளையும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். ஆசிரியர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தவர்கள். ரியால்ஷூலேக்கு ஏறி, அங்கிருந்து தொழில்சார் கிம்னாசியத்துக்கு ஏறி, கடைசியில் அபிடூர் வாங்கிவிட்டான். வழி அடைபடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் நேராக நடந்த தூரத்தை அவன் ஏணி வைத்து ஏறினான்.

அவனைக் கீழே இழுத்தது கணக்கு இல்லை, வாய். இங்கே வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. பாடத்தைப் பொறுத்து எழுத்துத் தேர்வுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும் அளவுக்கு உண்டு. தவறாகச் சொன்னாலும் கை தூக்க வேண்டும். நம் பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம்? வாயை மூடிக்கொண்டு கவனி என்கிறோம். கென்யப் பள்ளியும் அதையேதான் சொல்கிறது. எனக்கும் முதல் கணக்குத் தேர்வில் இதே அடிதான். வகையீடு, தொகையீடு எல்லாம் ஃபார்ம் 4இல் போட்டதுதானே, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை எல்லாம் சரி. மதிப்பெண் பாதி. ஒவ்வொரு கேள்வியின் கீழும் 'காரணம் கூறுக' என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு கண்ணி, இரண்டாவது அந்நிய மொழி. கிம்னாசியத்தில் பிரெஞ்சோ லத்தீனோ 6ஆம் வகுப்பு வாக்கிலேயே தொடங்கிவிடும், அபிடூருக்கு அது வேண்டும். அவளுடைய கிஸ்வாஹிலியை யாரும் எண்ண மாட்டார்கள். தாமதமாக வரும் பிள்ளைக்கு என்ன சலுகை, தாய்மொழித் தேர்வு எழுத முடியுமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

கேட்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. 80களில் அகதியாக வந்தவர், உணவகச் சமையலறையில் வேலை. என் மகளின் 4ஆம் வகுப்பு ஆசிரியரைப் பார்க்கப் போகும் முன்பு என்னை உட்கார வைத்துச் சொன்னார்: 'அவை சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டிப்போட்டு வராதையுங்கோ தம்பி. ஏன் எண்டு கேளுங்கோ. எழுதித் தரச் சொல்லுங்கோ.' என் பொறியியல் பட்டத்தைவிட அது பயன்பட்டது. இப்போது ஐடி வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் அப்படி அகதியாக வந்தவர்களோடு பேசவே யோசிக்கிறார்கள். தனி வாட்ஸ்அப் குழு, தனி தீபாவளி. ஆனால் பள்ளிக்கூடம் பற்றித் தெரிந்தவர்கள் அவர்கள்தான். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் மகளைச் சேர்த்துவிட்டு, வாசலில் காத்திருக்கும் அம்மாக்களோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். நான் எழுதியதைவிட அதிகம் கிடைக்கும்.

எழுத எழுத நான் ஷ்டூடியன்கொலெக்கில் படித்த வருடம்தான் நினைவுக்கு வருகிறது. மாணவர் விடுதியில் எனக்கு அடுத்த அறையில் கென்யாவின் எல்டோரெட்டிலிருந்து வந்த பையன். அவனுக்கு பி பிளஸ், எனக்கு ஏ மைனஸ், இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடைத்திருந்தது. இரவில் பொதுச் சமையலறையில் உகாலி என்ற சோளக் களி கிண்டுவோம். சோள மாவு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ரவையில் கிண்டினோம். எங்கள் ஊர் உப்புமாவும் இல்லை, அவன் ஊர் உகாலியும் இல்லை. நாங்கள் கிஸ்வாஹிலியில் சண்டை போட்டுக்கொண்டே அதைத் தின்பதைப் பார்த்து ஒரு ஜெர்மன் பெண் 'நீங்கள் இருவரும் ஒரே நாடா?' என்று கேட்டாள். ஆமாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மகளின் கடைசி இரண்டு வருட அறிக்கைகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். மகனை இன்றே ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், கேசிஎஸ்இ முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்புறம், கிளம்பும்போது பெட்டியில் இடம் இருந்தால் உகாலிக்கு இரண்டு கிலோ உங்கா, அதாவது சோள மாவு. இங்கேயும் ஆப்பிரிக்கக் கடைகளில் இப்போது கிடைக்கிறது, ஆனால் அது வேறு மாதிரி வேகிறது.