மூன்று ஏக்கருக்கு மேலும் கீழும்

கேள்வி: மாநில சுயாட்சி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா போடுகிற எனக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

பதில்: அந்த மூன்று ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் அதிகாரங்களைப் பிரித்துக் கொடுக்கும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி நீங்கள் போடும் சம்பா மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதே வயலுக்கு அடியில் எரிவாயு இருந்தால் அது மத்தியப் பட்டியல். வாய்க்கால் தண்ணீர் மாநிலத்துடையதுதான், ஆனால் காவிரி மாநில எல்லை தாண்டி வருவதால் அதன் மேல் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். டெல்டாவில் எந்த வரப்பில் நின்றாலும் இந்தச் சிக்கல் உண்டு.

2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எரிவாயு எடுக்க மத்திய அரசு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அடுத்த ஆண்டே மாநில அரசும் அந்த நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இதை நான் மறக்கத் தயாராக இல்லை. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசியவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. வேளாண்மை மாநிலத்தின் கையில் இருந்ததால்தான் அப்படி ஒரு சட்டத்தைப் போட முடிந்தது. உங்கள் மூன்று ஏக்கருக்கு ஆனது இது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை, அந்தக் குறை அப்படியே இருக்கிறது.

சரி, இதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. 1974-இல் சுயாட்சித் தீர்மானம் போட்ட சட்டமன்றம் நம்முடையது. டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் சென்னை, ஊராட்சிக்கு எதைக் கொடுத்தது? அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் கொண்டுவந்த பதினோராவது அட்டவணையில், அதாவது ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பொறுப்புகளின் பட்டியலில், மூன்றாவதாகவே சிறு பாசனமும் நீர் மேலாண்மையும் இருக்கின்றன. கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் கடைமடை வாய்க்காலை எப்போது தூர்வாருவது என்பதை அந்த ஊர்க்காரன் முடிவு செய்ய முடியவில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டிய பிறகு பொக்லைன் வந்து நிற்கிறது. மே 1 கிராம சபைக்குப் போங்கள். உங்கள் வாய்க்காலுக்கு எவ்வளவு பணம், யார் காண்ட்ராக்ட், மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்குள் வேலை முடியுமா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.