ஃபெண்டர் டேக் இல்லாத சேலஞ்சரை வாங்கலாமா?

கேள்வி: மிச்சிகன் மாநிலம் கேன்டனில் இருக்கிறேன். பெரிய எஞ்சின் வைத்த பழைய மஸில் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. இப்போது 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கண்ணாடி வழியாகத் தெரியும் டேஷ்போர்டு வின் தகடு (வண்டியின் அடையாள எண் தகடு) இருக்கிறது. எண் ‘ஜேஎஸ்23என்0பி’ என்று தொடங்குகிறது. ஆனால் ஹூடைத் திறந்தால் டிரைவர் பக்க உள் ஃபெண்டரில் இருக்க வேண்டிய டேக் (ஆலையில் வண்டியில் என்னென்ன போட்டார்கள் என்று குறியீடுகளில் சொல்லும் சின்னத் தகடு) இல்லை, இரண்டு திருகு ஓட்டைகள்தான் இருக்கின்றன. “பிளம் கிரேஸி (ஊதா) கலர், ஃபோர் ஸ்பீடு (நாலு கியர் மேனுவல்), ஷேக்கர் ஹூட் (எஞ்சினின் காற்றுக் கூடு வெளியே நீட்டும் ஹூட்), எல்லாம் ஃபாக்டரியில் வந்தது. டேக்தானே, புதிதாக அடித்து மாட்டித் தருகிறேன்” என்கிறார் விற்பவர். டேக் வந்ததும் முழு விலை கொடுக்க வேண்டுமாம். சம்மதிக்கலாமா?

பதில்: டேக் அடிக்க வேண்டாம், ஓட்டை அப்படியே இருக்கட்டும் என்று முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அந்த வின் எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஜே என்றால் சேலஞ்சர், எஸ் என்றால் ஆர்/டி என்ற உயர்திறன் ரகம், 23 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். என் என்பது நாலு பேரல் கார்புரேட்டர் வைத்த 383 கன அங்குல எஞ்சின். 0 என்பது 1970 மாடல். பி என்பது டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் ஆலை; 1980-ல் மூடிய ஆலை அது. ஆக, அது நிஜமான ஆர்/டி என்பதையும் 383 எஞ்சினோடு பிறந்தது என்பதையும் வின் எண்ணே சொல்லிவிடுகிறது. ஆனால் விற்பவர் அழுத்திச் சொல்கிற மூன்று விஷயங்கள், அதாவது கலர், கியர் பாக்ஸ், ஷேக்கர், இவற்றில் ஒன்றுகூட வின் எண்ணில் கிடையாது. அவை இருந்தது தொலைந்துபோன டேகில்தான். எஃப்சி7 என்றால் பிளம் கிரேஸி, டி21 என்றால் ஃபோர் ஸ்பீடு, என்96 என்றால் ஷேக்கர். கூடுதல் விலை கேட்பது எந்தெந்த விஷயத்துக்கோ, அதைச் சொல்கிற சாட்சியைத்தான் அவர் புதிதாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் போன வாரம் அடித்த தகடு 1970-ல் நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

க்ரைஸ்லரிடமே எழுதிக் கேட்கலாமே என்று தோன்றும். 1967 மாடல் வரைக்கும்தான் அவர்களிடம் தனித்தனி வண்டிக்கான பதிவு இருக்கிறது. 1968-லிருந்து வந்த வண்டிகளுக்கு டேகும் பில்ட் ஷீட்டும் (வண்டியில் என்னென்ன போட வேண்டும் என்று ஆலையில் அச்சிட்ட தாள்)தான் கதி. அதனால் முதலில் பில்ட் ஷீட்டைத் தேடச் சொல்லுங்கள். ஆலையில் வண்டியோடு வரிசையில் போன அந்தத் தாளை வேலை முடிந்ததும் யாரும் பத்திரப்படுத்தவில்லை, கிடைத்த இடத்தில் விட்டுவிட்டார்கள். பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள், கார்பெட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்கு மேலே, கையுறைப் பெட்டிக்கு மேலே என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கும். எலி கடித்து, பாதி மக்கி, தொட்டால் உதிர்கிற நிலையில் கிடைத்தாலும் பொன் மாதிரி. அதில் வின் எண்ணும் இருக்கும்.

தாள் கிடைக்கவில்லையா? சரி, வண்டியையே கேட்கலாம். கலருக்கு, ரப்பர் பீடிங்குகளை உரித்துப் பாருங்கள், பின் சீட்டு அட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். மறுபடி பெயின்ட் அடிப்பவர்கள் கைவைக்காத இடங்கள் இவை. அங்கேயும் ஊதா இருந்தால் நல்லது. வேறு நிறம் எட்டிப் பார்த்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கியர் பாக்ஸுக்கு, கார்பெட்டைத் தூக்கி நடுத் தளத்தைப் பாருங்கள். ஃபோர் ஸ்பீடு வண்டிகளில் கியர் லீவர் வருகிற இடத்தில் மேடாக ஒரு தகடு வெல்டு செய்திருப்பார்கள். ஃபாக்டரி ஸ்பாட் வெல்டு சின்னச் சின்ன வட்டக் குழிகளாக ஒரே இடைவெளியில் இருக்கும். பின்னால் யாரோ பற்றவைத்தது புழு நெளிந்த மாதிரி தெரியும். ஷேக்கரை மட்டும் பில்ட் ஷீட் இல்லாமல் நம்பும்படி நிரூபிப்பது கஷ்டம். அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. வின் எண்ணின் கடைசி எட்டு எழுத்துகள் பாடியிலும் அச்சடிக்கப்பட்டிருக்கும். இந்த வண்டியில் ரேடியேட்டர் சட்டத்தின் மேல் விளிம்பிலும், ஹூட் ரப்பர் சீலுக்கு அடியில் கௌல் (முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பாடிப் பகுதி) மீதும் பாருங்கள். எஞ்சின் பிளாக்கிலும் கியர் பாக்ஸிலும் அதே எண் இருக்க வேண்டும். டேஷ்போர்டு தகடு, பாடி அச்சு, டைட்டில் (உரிமைப் பத்திரம்) மூன்றும் ஒத்துப்போகாத வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் தொடாதீர்கள். கியர் பாக்ஸில் எண் ஒத்து, அது ஃபோர் ஸ்பீடாகவும் இருந்துவிட்டால், விற்பவர் சொன்ன மூன்றில் ஒன்று தன்னால் நிரூபணம் ஆகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பருக்காக 1970 சார்ஜர் ஒன்றைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு வண்டி, ஆரஞ்சு நிறக் குறியீடு போட்ட டேக், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் டேகைப் பிடித்த திருகுகள் இரண்டும் பளபளவென்று கடைச் சரக்காக இருந்தன. உரிமையாளர் அனுமதியோடு ஒரு திருகைக் கழற்றி, டேகை விரலால் ஓரம் தள்ளினேன். பின்னால் கரும்பச்சை. அந்த மனிதருக்கே அது தெரியாது. அவருக்கு விற்றவர் செய்துவைத்த வேலை. அவர் முகம் வாடியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பச்சையாகவே, டேக் இல்லாமலே வாங்கியிருந்தால், கொடுத்த பணத்துக்குச் சரியான வண்டி அது.

பில்ட் ஷீட் கிடைத்து, அதில் உள்ளபடி ஒரு மறுபதிப்பு டேக் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் க்ரைஸ்லர் டேகில் வின் எண்ணும் இருப்பதால் அதை வெறும் அலங்காரத் தகடாக நினைக்காதீர்கள். உங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கிறதா என்று செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு செய்யுங்கள். ‘டேக் மறுபதிப்பு’ என்று விற்பனைச் சீட்டில் எழுதிவையுங்கள். டேக் செய்து தருகிறவர்களில் டைட்டில் நகலும் பில்ட் ஷீட் நகலும் கேட்பவர்களும் உண்டு. எதுவும் கேட்காமல் சொன்ன குறியீட்டை அடித்துத் தருகிறவர்களும் உண்டு. எதுவும் கேட்காதவரிடம் போகவே வேண்டாம்.

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனிலிருந்து எழுதுகிறேன். 1969 செவ்ரலே கமேரோ இசட்/28 என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். டிரிம் டேக் (ஃபெண்டர் டேக் மாதிரி ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வரும் தகடு) பழசு தொலைந்து, எக்ஸ்77 என்று போட்ட புது டேக் ரிவெட் அடித்திருக்கிறது. வின் எண் 124379என். நம்பலாமா?

பதில்: அந்த வின் எண்ணை வைத்து வி8 எஞ்சின் போட்ட கூப், ஒஹாயோ நார்வுட் ஆலையில் செய்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. சாதாரண வி8 கமேரோவுக்கும் இசட்/28-க்கும் அந்த முன்பகுதி ஒன்றுதான். 1969-ல் இசட்/28 செய்ததே 20,302 வண்டிகள். எக்ஸ்77 என்பது இசட்/28 என்று சொல்கிற நார்வுட் குறியீடுதான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் டிரிம் டேகில் வின் எண்ணே கிடையாது. எந்த வண்டியின் டேகையும் எந்த வண்டியிலும் அடித்துவிடலாம். உங்களுக்குக் காட்டியது புது டேக் என்று அவர்களே சொல்வதால் அதன் மதிப்பு பூஜ்யம்.

இசட்/28-ல் வந்த 302 எஞ்சினில் ‘டிஇசட்’ குறியீடும், பக்கத்தில் வண்டியின் வின் எண் பகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் அச்சடித்த அந்தத் தட்டையான பகுதியில் ஃபாக்டரி இயந்திரம் சீவிய நேர்கோடுகள் மெலிதாகத் தெரிய வேண்டும்; மழமழவென்று தேய்த்திருந்தால் யாரோ புதிதாக எண் அடித்திருக்கிறார்கள். ஃபோர் ஸ்பீடு, முன் டிஸ்க் பிரேக், 12 போல்ட் பின் ஆக்சில் மூன்றும் இசட்/28-க்குக் கட்டாயம். இவை இருப்பதால் மட்டும் வண்டி இசட்/28 ஆகிவிடாது, இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். முதல் உரிமையாளரின் வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த சின்ன உலோகத் தகடு கிடைத்தால் பெரிய ஆதாரம். கனடாவில் விற்ற வண்டியாக இருந்தால் ஜி.எம். கனடா பதிவு தரும். போன்டியாக் ஜிடிஓவாக இருந்தால் பி.எச்.எஸ். (போன்டியாக்கின் பழைய பதிவுகளைத் தரும் நிறுவனம்) பில்லிங் நகலும், 1967 அல்லது அதற்குப் பிந்தைய மஸ்டாங்காக இருந்தால் மார்ட்டி ரிப்போர்ட்டும் (ஃபோர்டு பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் அறிக்கை) வாங்கிச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் விற்ற செவ்ரலேவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஆதாரம் காட்டாதவரை சாதாரண கமேரோ விலைக்கு மேல் பேசாதீர்கள்.

கேள்வி: என் 1968 காருக்கு டேஷ்போர்டு பெயின்ட் அடிக்கும்போது ஒர்க் ஷாப்பில் வின் தகட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பூ மாதிரி தலை வைத்த பழைய ரிவெட்டுகள் உடைந்துவிட்டன. அதே மாதிரி ரிவெட் வாங்கி நானே அடித்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வின் எண்ணைத் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் கூட்டரசுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழுது பார்க்க அவசியம் என்பதற்காக எடுத்தால் விலக்கு உண்டு, மாநிலச் சட்டப்படி திருப்பி வைத்தாலும் விலக்கு உண்டு. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

கேன்சாஸில் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட்டை 2017-ல் பதிவுக்குக் கொண்டுபோனபோது, புதுப்பிக்கும் வேலையில் யாரோ வின் தகட்டைக் கழற்றித் திரும்ப அடித்திருந்தது தெரிந்து பறிமுதல் செய்தார்கள். வாங்கியவர் மேல் தப்பு இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் அன்றைய மாநிலச் சட்டப்படி வண்டியை அழிக்க வேண்டும் என்ற நிலை. 2022-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. ஒரு தகட்டைக் கழற்றியதற்கு இத்தனை வருஷம்.

ஒர்க் ஷாப்பில் எழுத்துமூலமாக ஒரு சீட்டு வாங்குங்கள்: எந்தத் தேதியில், எந்த வேலைக்காகத் தகடு எடுக்கப்பட்டது என்று. தகட்டின் முன்பக்கம், பின்பக்கம், உடைந்த ரிவெட்டுகள், பாடியில் உள்ள எண், எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். அப்புறம் உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்திலோ மாநிலப் போலீஸின் வாகனச் சோதனைப் பிரிவிலோ கேளுங்கள். சில இடங்களில் அதிகாரி முன்னிலையில் தகட்டை அடிக்கச் சொல்வார்கள், சில இடங்களில் மாநிலமே புது எண் கொடுக்கும். அதுவரை தகடு பையிலேயே இருக்கட்டும், உடைந்த ரிவெட்டுகளையும் அதோடு போட்டுவையுங்கள்.