வாசகர் கேள்வி – பதில்: பாட்டியின் வாழ்க்கையைப் பதிந்து வைக்க

கிராமத்தில் வாழ்ந்த பாட்டிமாரின் வாழ்க்கையை எப்படிக் குறித்து வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அப்பத்தா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு மலரில் பிறந்த வருடம் போட வேண்டும். ஆதாரில் 1-1-1945 என்று இருக்கிறது. ஆனால் மூத்த அத்தை பிறந்ததே 1956 என்கிறார் பெரியப்பா. எது சரி?
– வாசகி, உசிலம்பட்டி

ஆதார் தேதியை நம்ப வேண்டாம். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு உத்தேசமாக ஒரு வருடத்தைச் சொல்லி, சனவரி 1 என்று பதிந்துவிடுவது சகஜம். அந்தக் கணக்குப்படி அப்பத்தா 11 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும்.

ஊரில் யாரும் வருடத்தை எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். நடந்ததை வைத்துத்தான் சொல்வார்கள். அப்பத்தாவின் தங்கை, நாத்தனார், கூட நடவு நட்டவர்கள் யாராவது இருந்தால் இப்படிக் கேளுங்கள். காந்தி செத்த சேதி வந்தபோது (1948 சனவரி) அப்பத்தா பாவாடை கட்டிய பிள்ளையா, தாவணி போட்டாச்சா? தாவணி என்றால் அப்போது 13, 14 இருக்கும். பிறப்பு 1934ஐ ஒட்டி. கல்யாணச் செலவு அணாவிலா, நயா பைசாவிலா? நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் சனங்கள் அணாவில்தான் பேசினார்கள் என்பதால் இதற்கு முன்பின் இரண்டு மூன்று வருடம் விட்டுப் பிடியுங்கள். உங்கள் பக்கத்தில் வைகை அணை திறந்தது (1959) நல்ல அடையாளம். தஞ்சைப் பக்கத்தவர்களுக்குக் கும்பகோணம் மகாமகம் 1945, 1956, 1968. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். "அந்தப் புயலப்ப உங்கப்பன் வயித்துல ஆறு மாசம்" என்று ஒருவர் சொன்னால், பிள்ளை பிறந்தது 1965 மார்ச்சை ஒட்டி.

ஜாதக நோட்டில் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அறுபது வருடச் சுற்றில் பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது. தாது 1936, பிரமாதி 1939, விய 1946. பலரும் சறுக்குவது தை, மாசி, பங்குனியில்தான். தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் இந்த மூன்று மாதங்களும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். பிரமாதி ஆவணி என்றால் 1939. பிரமாதி மாசி என்றால் 1940.

இன்னொன்று, வீட்டுப் பத்திரங்களைப் பாருங்கள். அப்பத்தா நிலம் வாங்கியோ விற்றோ கைநாட்டு வைத்திருந்தால், அதில் "இன்னார் மனைவி, வயது சுமார் 30" என்று எழுதியிருப்பார்கள். பத்திரத் தேதி உறுதியானது. வயதில் நாலைந்து கூடக் குறைய இருக்கலாம். இப்படி மூன்று வழியில் வரும் விடைகள் ஒரே இடத்தில் கூடினால், "1936 வாக்கில்" என்று போடுங்கள். தெரியாத நாளையும் மாதத்தையும் இட்டுக்கட்டிப் போடாதீர்கள். அச்சில் வந்தது நாளைக்கு ஆதாரமாகிவிடும்.

அம்மாச்சிக்கு 84 வயது. தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாம் தெரியும். போனை நீட்டினால் வாயை மூடிக்கொள்கிறார். ஒப்பாரி பாடவே மறுக்கிறார்.
– வாசகர், மேலூர்

முகத்துக்கு நேரே போனை நீட்டினால் யாருக்கும் பேச்சு வராது. கட்டிலில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் போனை வையுங்கள். வாய்க்கும் போனுக்கும் இடையே ஒரு முழம் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃபேன் காற்று மைக்கில் பட்டால் பின்னால் எந்தச் செயலியாலும் முழுதாக எடுக்க முடியாது. தகரக் கூரை, வெறுஞ்சுவர் அறை எதிரொலிக்கும்; துணிமணி, மெத்தை உள்ள அறையோ திண்ணையோ நல்லது. தொடக்கத்தில் தேதி, ஊர், பெயர் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள்.

கைக்கு வேலை கொடுங்கள். மொச்சை உரிக்கும்போதும் புளி கொட்டை எடுக்கும்போதும் தானாகப் பேச்சு வரும். முறத்தில் போடட்டும், எவர்சில்வர் தட்டில் விழுகிற சத்தம் குரலை அடித்துவிடும். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். "கல்யாணமாகி இந்த ஊருக்கு வண்டி கட்டி வந்தீங்களா, பஸ்ஸா? வந்த அன்னைக்கு யாரு ஆலாத்தி எடுத்தா?" என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள். அவர் சொல்வதை நடுவில் திருத்தவும் வேண்டாம்.

தாலாட்டுக்கு ஒரு தூளியைக் கட்டி ஆட்டச் சொல்லுங்கள். குழந்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆட்டும் கைதான் பாட்டுக்குத் தாளம். கை நின்றால் அடி மறந்துபோகும். நடவுப்பாட்டு தனியாகப் பாடுவது அல்ல. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. எனவே கூட நட்ட இரண்டு பேரை வரவழையுங்கள்.

ஒப்பாரியை வற்புறுத்தவே கூடாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொன்னால் ஆகாது என்பது அவருடைய நம்பிக்கை. வீட்டை விட்டு வெளியே, மரத்தடியிலோ களத்துமேட்டிலோ பாடச் சம்மதிப்பவர்கள் உண்டு. அதற்கும் மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பாடினாலும் தன் தாய்க்குப் பாடியதா, கணவருக்குப் பாடியதா என்று கேட்டுக் குறியுங்கள். உறவுக்குத் தக்கபடி வரிகள் மாறும்.

பதிவைப் போனில் மட்டும் வைத்திருந்தால் போன் போகிற அன்றைக்கு அதுவும் போகும். அன்றே இரண்டு இடங்களில் நகல் எடுங்கள்.

எங்கள் அப்பாயி போடும் தாளிப்பு வடகத்துக்கு அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்கிறார். நாங்கள் போட்டால் கசக்கிறது, பூஞ்சணம் பூக்கிறது.
– வாசகி, திருவையாறு

கண்ணளவை எடைக்கு மாற்றலாம். ஒவ்வொரு சாமானையும் எடை போட்டுத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, அவர் வழக்கம்போல் அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மிச்சத்தை நிறுத்துக் கழித்துவிட்டால் அளவு கிடைத்துவிடும். அவர் "ஒரு கை" என்று சொல்வதை மூன்று முறை தட்டில் போடச் சொல்லி நிறுத்துச் சராசரி எடுங்கள். உங்கள் கையால் அள்ளினால் கணக்குத் தப்பும். படி, ஆழாக்கு என்று சொன்னால் 8 ஆழாக்கு 1 படி. ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும். வீட்டிலிருக்கும் படியில் அதே சாமானை நிரப்பித் தலை தட்டி நிறுத்துப் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது அளவு: உரித்த சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், ஊறவைத்த உடைத்த உளுந்து 100 கிராம், கடுகு, சீரகம் தலா 25 கிராம், வெந்தயம் 20 கிராம், கல்லுப்பு 60 கிராம், மஞ்சள்தூள் 2 தேக்கரண்டி, கறிவேப்பிலை.

வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, எல்லாவற்றையும் பிசைந்து ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் வையுங்கள். சாற்றுப் பாத்திரமும் வெயிலில் இருக்கட்டும். சாயங்காலம் உருண்டைகளை அந்தச் சாற்றிலேயே உதிர்த்துப் பிசைந்து வைத்து, மறுநாள் மறுபடி உருட்டுங்கள். மூன்று நான்கு நாளில் சாறு இழுத்துக்கொள்ளும். அதன் பிறகும் தினமும் உதிர்த்து உருட்ட வேண்டும். மொத்தம் ஒரு வாரம் ஆனதும் 2 மேசைக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, கடைசி உருண்டை பிடித்து, கல் போல் ஆகும்வரை காயவிடுங்கள்.

பூஞ்சணத்துக்குக் காரணம், உதிர்க்காமல் விட்டிருப்பீர்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மோடம் போட்டால் உருட்டாமல் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். பூஞ்சணம் பூத்ததைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள். கசப்புக்குக் காரணம் மிக்ஸி. வெங்காயம் விழுதானால் கசக்கும். வெந்தயம் கூடினாலும், தாளிக்கும்போது கருகினாலும் அதே கதைதான். சித்திரை, வைகாசி வெயில் இருக்கும்போதே அப்பாயியோடு உட்கார்ந்து போடுங்கள். அவர் விரலால் நசுக்கிப் பார்த்து "இன்னும் ஒரு வெயில் காட்டணும்" என்று சொல்லும் பதத்தை எந்தத் தராசும் காட்டாது. அந்த நேரத்தில் வடகத்தை நீங்களும் தொட்டுப் பாருங்கள்.

ஆச்சியின் பழைய ஸ்டுடியோ படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

கூடாது. படத்தின் மேல் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைத்து, அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கேமராவில் எடுத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். மற்ற படங்களின் பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான்; பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

அம்மாயியின் கல்யாணப் பட்டு ஜரிகை கறுத்து வருகிறது.
– வாசகி, பவானி

பாச்சை உருண்டையை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிழலில் உதறி மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே இற்றுப்போகும். கறுத்த ஜரிகையைத் தேய்க்காதீர்கள்.

நினைவு மலரில் பாட்டியைப் பற்றி என்ன எழுதுவது? "அன்பின் சிகரம்" தவிர வேறு எதுவும் வரவில்லை.
– வாசகர், கோவில்பட்டி

அந்த வரியை யார் படத்துக்குக் கீழேயும் போடலாம். பாட்டியின் ஒரு நாளை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், தண்ணீருக்கு எந்தக் கிணறு, எத்தனை குடம், யார் காட்டில் பருத்தி எடுக்கப் போனார், கூலி காசா தானியமா, வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவர் எதைச் சாப்பிட்டார். சீட்டுப் போட்டு எதை வாங்கினார், எந்த நகையை அடகு வைத்து யாரைப் படிக்க வைத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "எட்டுப் பெத்து அஞ்சு நின்னுச்சு" என்று அவர் சொல்லியிருந்தால் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு வரி இருக்கட்டும். வைத்த பெயர் தெரிந்தால் அதையும் போடுங்கள்.

குடும்ப வரிசையில் ஆண்பிள்ளை வழி மட்டும் அச்சாவது வழக்கமாக இருக்கிறது. பாட்டியின் பிறந்த ஊர், அவருடைய தாயின் பெயர், கூடப் பிறந்தவர்கள், பெண்பிள்ளை வழிப் பேரன் பேத்திகள் எல்லாரும் வர வேண்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்கில் இருக்க வேண்டும். 16 பக்கம் என்று திட்டமிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் பெயர்ப் பட்டியலை மூத்த அத்தை ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பெயரை அவர் சொல்லிவிடுவார்.