ஒட்டிக்கிட்டதா, பிடிச்சுக்கிட்டதா?

அன்புள்ள அக்கா,
ஒரே டோஸ் ரேடியேஷன் குடுத்தாலும் சில புற்றுநோய் செல்கள் மட்டும் சாகாம தப்பிக்குது. டிஎன்ஏவை நல்லா ரிப்பேர் பண்ணிக்குது, அதானே காரணம்? ப்ராஜெக்ட்ல இதைத்தான் எடுக்கப்போறேன். அப்புறம், கதிர் சிகிச்சையில இருக்கறவங்க கொலாஜன் பவுடர் குடிக்கலாமா?
ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

பவுடரை முதல்ல ஓரமா வைம்மா. குடிக்கிற கொலாஜன் வயித்துல செரிச்சு துண்டுதுண்டாயிடும், அப்படியே போய் செல்லுக்கு அடியில பாயா விரியாது. சிகிச்சையில இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம எதையும் ஆரம்பிக்கக் கூடாது, அவ்ளோதான்.

"அதானே"ன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. 1 கிரே (கிரேன்னா கதிர் அளவோட அலகு) டோஸ் ஒரு செல்லுல சுமார் 40 இடத்துல டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் அறுத்துடும், சரி. ஆனா அந்த செல் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு கேட்டியா? செல்லுக்கு வெளியில பாய் மாதிரி இருக்கற ஃபைப்ரோநெக்டின், லேமினின், கொலாஜன்ங்கற புரதங்களை எல்லாம் செல்லு மேல இருக்கற இன்டெக்ரின்ங்கற புரதம்தான் கை மாதிரி பிடிக்குது, பிடிச்சதும் எஃப்ஏகே, ஏகேடின்னு சேதி கடத்தற புரதங்க வழியா உள்ள வரைக்கும் சேதி போகுது, பொழைக்கற பக்கம் தராசு சாயுது. பிடி மொத்தமா விட்டுப்போச்சுன்னா சாதாரண செல்லு கதிரே படாம தானா செத்துடும், 1994ல அதுக்கு அனாய்க்கிஸ்னு பேரு வச்சாங்க, கிரேக்கத்துல வீடில்லாம நிக்கறதுன்னு அர்த்தம். பாவம்ல.

நான் படிக்கறப்ப ஃபைப்ரோநெக்டின் பூசின டிஷ் ஒரு பக்கம், வெறும் பிளாஸ்டிக் ஒரு பக்கம்னு வச்சு கதிர் காட்டி, ரெண்டு வாரம் காத்திருந்து, கிரிஸ்டல் வயலட் சாயம் ஊத்தி, கையெல்லாம் ஊதாவா காலனி எண்ணினேன், அதாவது பொழைச்ச ஒரு செல்லுலேர்ந்து பெருகின கூட்டம். பூசினதுல நிறைய. குதிச்சுக்கிட்டே போய் கைடுகிட்ட காட்டினா, "பாலிலைசின் எங்க?"ன்னு ஒரே கேள்வி. பாலிலைசின்னா டிஷ்ல பூசற இன்னொரு பொருள், அதுவும் செல்லை ஒட்ட வைக்கும், ஆனா சும்மா மின்னேற்றத்தால, இன்டெக்ரினுக்கு அதுல வேலையே இல்ல. அது இல்லாம, ஒட்டிக்கிட்டதால பொழைச்சுதா பிடிச்சுக்கிட்டதால பொழைச்சுதான்னு எப்படி சொல்லுவ? அதோட செல் வளக்க ஊத்தற சீரத்துலயே (ரத்தத்துலேர்ந்து பிரிச்ச திரவம்) ஃபைப்ரோநெக்டின் இருக்கு, அதை ஊத்தினா வெறும் பிளாஸ்டிக் மேலயும் படியும், பாலிலைசின் மேலயும் படியும், அப்ப ஒப்பிட்டுப் பாக்க வச்ச உன் கன்ட்ரோல் கன்ட்ரோலே இல்ல! நாலு மாச வேலை குப்பைக்குப் போச்சு, பாத்ரூம்ல போய் அழுதேன். சீரம் இல்லாம ஒட்டவிட்டு, கதிர் காட்டி முடிச்சப்புறம்தான் சீரம்னு மறுபடி முதல்லேர்ந்து பண்ணினேன். வித்தியாசம் இருந்துச்சு, முன்ன காட்டின அளவுக்கு இல்ல.

ரிப்பேர் பத்தி கேட்டிருந்தல்ல, அது இன்னொரு நாள். காலனி எண்ணறப்ப 50 செல்லுக்குக் கம்மியா இருக்கறதையும் சேக்கச் சொல்லி கை அரிக்கும், சேத்துடாத.

அன்புடன்,
அக்கா